கல்குடாக்காரரின் கப்பி

நாவற்குடாவில் நான் வேலை செய்யும் வார்ப்புப் பட்டறைக்குக் கல்குடாவிலிருந்து ஒரு மீனவர் வந்தார். கரையொதுங்கிக் கிடந்த பழைய படகொன்றின் அலுமினியத் தகடுகளைக் கொண்டுவந்து, வலை இழுக்கும் கப்பி ஒன்று வார்த்துத் தரச் சொன்னார். கப்பி இல்லாமல் அவருக்குத் தொழில் இல்லை. இந்தத் தகட்டை உப்புத் தண்ணீர் தின்னாது, வேறு எதையும் கலக்க வேண்டாம் என்றார்.

அந்த அலுமினியத்தில் மக்னீசியம் கலந்திருக்கும். உருகியதும் காற்றுப் பட்டால் மேலே புற்று மண் போலக் கசடு கிளம்பும். முதலாளி உலையைத் திறந்தே வைத்திருப்பார். வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று நேரே அடிக்கும். கசட்டை வழிக்க வழிக்கப் புதிது வரும். முதல் கப்பி முழுக்கத் துளைகள். ஒரு வாரம் கழித்து அதையே உருக்கி வார்த்த இரண்டாவதில் விளிம்பு நிரம்பவில்லை. இனி ஒரு தடவைக்கு மட்டுமட்டாகத்தான் உலோகம் இருந்தது.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. போன மாரியில் கூரை ஒழுகியபோது, உருகிய உலோகத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்குமென்று பயந்து உலை வாயை இரும்புத் தகட்டால் மூடினேன். எரிந்த புகை உள்ளேயே நின்றது. திறந்தபோது பாலாடை அளவு கசடுதான். பிறகும் இரண்டு முறை, முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் மூடிப் பார்த்தேன். அதே மாதிரித்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றது. ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது.

மூன்றாவது முறை உருக்கிய அன்று மீனவரும் வந்து நின்றார். உலோகம் இளகத் தொடங்கியதும் அந்த இரும்புத் தகட்டை இழுத்து உலை வாயை மூடினேன்.

"என்னகா செய்றாய்?" என்றார் முதலாளி. "உள்ளுக்கு நடக்கிறத எப்பிடிப் பாக்கிற?"

"திறந்தா உலோகம் கசடாப் போகும்."

"இவனுக்கும் வாய் இருக்கு," என்றார் மீனவரிடம். "பத்து வருசத்தில இண்டைக்குத்தான் கேட்டன்."

மீனவர் சிரிக்கவில்லை. "மூடட்டும் அண்ணன். இனி உருக்க என்னட்டத் தகடு இல்ல."

திறந்தபோது மெல்லிய தோல்தான் இருந்தது. முதலாளி அதை ஒதுக்கிவிட்டு வார்த்தார். அச்சு வாய்வரை நிரம்பியது. ஒரு கரண்டியளவு மிஞ்சியும் இருந்தது.

ஆறியபின் மீனவர் கப்பியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். துளை ஒன்றும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது உனக்கு முந்தியே தெரியுமா?"

"ஓம்."

"ரெண்டு கிழமையா நான் கடலுக்குப் போகல்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கப்பியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். முதலாளி அன்றே அந்த இரும்புத் தகட்டுக்கு ஒரு கைப்பிடி ஒட்டுவித்தார். அதைப் பிடித்து மூடும்போதெல்லாம் அந்த இரண்டு கிழமை நினைவுக்கு வருகிறது.