வெள்ளைக்காரன் சொன்ன ஒரு வார்த்தை

துறைமுகத்துக் கப்பல் பட்டறையை விட்டு நடந்துகொண்டிருந்தோம். அப்பா பத்தடி முன்னால். நானும் அம்மாவின் தம்பியான மாமாவும் பின்னால். எனக்கு ஒன்பது வயது.

அப்பா சங்கு குளித்தவர். ஆழத்தின் அழுத்தத்தில் இரண்டு காதுச் சவ்வும் கிழிந்துவிட்டன. காதருகே போய்க் கத்தினால்தான் கேட்கும். கப்பலின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்ட அவ்வளவு ஆழம் போக வேண்டாம். அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மாமாதான் எங்களைக் கூட்டிப்போனார். ஆனால் மேலே இரும்பைத் தட்டினால், கீழே இருப்பவன் கேட்டு உடனே விலக வேண்டும். இல்லையென்றால் கப்பலைத் தள்ளும் காற்றாடி சுழன்று வெட்டிவிடும்.

சற்றுமுன் பட்டறையில் ஜெர்மன் இஞ்சினியர் அப்பாவைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னால் ஸ்பானரால் தகட்டைத் தட்டினார். தட்டும்போதெல்லாம் அப்பா கையைத் தூக்க வேண்டும். நான் அப்பாவின் விரலைப் பிடித்தபடி, பின்னால் பார்த்து, ஒவ்வொரு தட்டுக்கும் அழுத்தினேன். மூன்று சரியாக வந்தது. நான்காவது முறை அவர் ஸ்பானரை ஓங்கினார், தட்டவில்லை. நான் அழுத்திவிட்டேன். அப்பா கையைத் தூக்கிவிட்டார். இஞ்சினியர் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என்ன மாமா சொன்னான்?"

"டௌப்னான். காது கேக்காதுன்னு அர்த்தம்லே."

"ஏசுனானா?"

"ஏச்சு எனக்குத் தெரியாதாலே? நாலு வருசம் ஜெர்மன்காரனுவ கப்பல்ல அடுப்படியில நின்னவன். இது ஏச்சில்ல. குளிர்ல விரல் மரத்துப்போனாலும் டௌப்தான். உள்ள பருப்பில்லாத கொட்டையும் டௌப்தான்."

பின்னாட்களில் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்து, கொச்சியில் மீன் ஐஸ் கிடங்கில் நின்றபோது, என் விரல்களைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

அப்பா நின்று திரும்பினார். "என்னலே சொன்னான்?"

மாமா பீடி பற்றவைக்கக் குனிந்துகொண்டார். நான் அப்பாவின் காதருகே எம்பிக் கத்தினேன்: "நல்ல ஆளுன்னு சொன்னான்ப்பா! நாளைக்கு வரச் சொன்னான்!"

தெருவில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா, சரிலே" என்றார்.

பட்டறைக்குப் போய் அவமானப்பட்டு வருவாரே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. விடியற்காலையில் அப்பா பழைய கைலியைக் கட்டிக்கொண்டு, துறைமுகத்துக்கு எதிர்த்திசையில், உப்பளத்துக்கு உப்புச் சுமக்கப் போனார். நல்லவேளை, நான் சொன்னதை மறந்துவிட்டார் என்று நினைத்து, திரும்பிப் படுத்துத் தூங்கினேன்.