கமலாக்கா எரிக்க விடவில்லை

மொழிபெயர்ப்பாளர் வேலையில் அழுகிறவரின் கோபமும் எங்கள்மேல்தான் விழும், எழுதுகிற அதிகாரியின் எரிச்சலும் எங்கள்மேல்தான் விழும். இந்தத் தொழிலில் அகப்பட்ட உங்களுக்கு இது தெரியாததா?

ஆர் தெரிவு செய்தது?

ஊரில் போர் முடிந்து சில வருடங்களின் பின், பிரெஞ்சுத் தலைநகரில் எங்கட கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடை நிலவறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த வன்னிக்காரர் ஒருவர் செத்துக் கிடந்தார். பார்த்த டொக்டர் மாரடைப்பு என்று எழுதிவிட்டார். அதை நம்பாத அவருடைய மனைவி கமலாக்கா பொலிசுக்குப் போனா, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். "டொக்டர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்" என்றார் அதிகாரி.

அமெரிக்காவில் சில இடங்களில் மரண விசாரணை அதிகாரியைச் சனமே வாக்குப்போட்டுத் தெரிவு செய்கிறதாம். அங்கேயிருக்கும் தம்பி போனில் சொன்னது அக்காவின் மனதில் கிடந்தது. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டா: "இந்த டொக்டரை ஆர் தெரிவு செய்தது? நான் வாக்குப் போடேல்லை. பிறகேன் அவர் சொன்னதை நம்போணும்?"

குரலைக் குறை

"கொஞ்சம் பக்குவமாகச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. நான் அக்கா சொன்னதைச் சொல் மாறாமல், சத்தமும் குறையாமல் பிரெஞ்சில் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்கள் மொழிபெயர்ப்பாளரா, இவருடைய வக்கீலா?"

கட்சி

சொந்தக்காரர் தகனத்துக்கு ஒழுங்கு செய்துவிட்டார்கள். உடம்பை வெட்டக் கொடுப்பதா என்று அக்காவை ஏசினார்கள். தேர்தல் கதையைக் கேட்ட பலசரக்குக்கடை அண்ணை சிரித்தார்: "எங்கட ஆக்களிட்டைத் தேர்தலை விட்டா, ஆள் செத்ததோ இல்லையோ எண்டே ரெண்டு கட்சி நிக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. "நிக்கட்டும் அண்ணை. தோத்த கட்சியாவது கேள்வி கேக்கும். இஞ்சை கேக்கிறதுக்கு நான் ஒருத்திதான். எரிக்க விடமாட்டன்."

பொய்லர்

வக்கீல் பிடித்து, அரச வழக்கறிஞருக்கு முறையிட்டு, கடைசியில் பிரேத பரிசோதனை நடந்தது. மாரடைப்பு இல்லை. நிலவறைச் சுடுதண்ணிப் பொய்லரில் கசிந்த நச்சுப்புகை. கடையைப் பூட்டினார்கள், முதலாளிமேல் வழக்கு விழுந்தது.

அடுத்த கிழமை, அதே நிலவறையில் மாறி மாறி வேலை செய்த ஒருவர் சார்செலில் அக்காவின் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"எனக்கும் அங்கை இறங்கினாத் தலை சுத்திறது, அக்கா. நீங்கள் கத்தாட்டி அடுத்தது நான்தான்."

அந்தப் பொலிஸ் நிலையம் பிறகு என்னைக் கூப்பிடவேயில்லை. நானும் குரலைக் குறைக்கப் பழகவில்லை.