மேல்வீட்டு அண்டா நிரம்பும் வரை

மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், காலை ஐந்திலிருந்து எட்டு வரை. தண்ணீர் வந்துவிட்டது என்பதைக் கன்னடத்தில் "நீரு பந்த்து" என்று வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து குரல் கொடுத்ததும் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். நானும் என் கணவரும் மட்டும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். எங்களைப் பற்றி அந்த அம்மா என்ன நினைத்தாரோ, கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

உள்ளே நடந்தது வெட்டிவேர் தைலத்தைச் சுத்தமாக வடித்தெடுக்கிற வேலை. அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியை மூடிவிட்டார்கள். சவூதியிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. தைலம் கைகொடுத்தால் போகப்போவதில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்குத் தைலத்தில் வேறு அக்கறை கிடையாது. அவரை வீட்டில் நிறுத்திவைக்க அது ஒன்றுதான் வழி.

வெட்டிவேர் தைலத்தைச் சும்மா கொதிக்கவைத்தால் கருகிவிடும். குடுவைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால் குறைந்த சூட்டிலேயே கொதித்துத் தெளிவாக வடியும். மோட்டார் பம்புக்கு நாங்கள் எங்கே போவது? குழாயில் மாட்டுகிற கண்ணாடி பம்பு ஒன்று இருந்தது. தண்ணீர் பாய்கிற வேகத்தில் அது காற்றை இழுத்துக்கொண்டு போகும். வேகம் மாறினால் குடுவையின் அழுத்தமும் மாறும். அதனால் ரப்பர் குழாயில் ஒரு திருகு கிளிப் வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் காற்றைக் கசியவிட்டு, அழுத்தம் காட்டுகிற பாதரசத்தை இருபத்தைந்து மில்லிமீட்டரில் நிறுத்துவோம். தெர்மாமீட்டர் அவர் பொறுப்பு, கிளிப் என் பொறுப்பு.

மாடியில் அண்டாவுக்குக் குழாயைத் திறந்தால் எங்கள் தண்ணீர் இளைத்து அழுத்தம் ஏறிவிடும். உடனே கிளிப்பை இறுக்கிக் கசிவைக் குறைக்கக் கை பரபரக்கும். அதைச் செய்யக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே விதி. சூட்டைத் தணித்துவிட்டு, "கை வெக்காதே. அவங்க அண்டா ரொம்பட்டும், தானா வந்துடும்" என்பார். முழங்கால் இடிக்க இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருப்போம். என் ஹெட்மிஸ்ட்ரஸின் அட்டகாசம், என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்த கூத்து, எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பேசுவோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் மனசுவிட்டுச் சிரித்தது பெரும்பாலும் அந்த பாத்ரூமில்தான்.

கடைசி முறை வடித்த அன்று, பம்பாய்த் தைல வியாபாரி ஒருவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார். மாலை ரயிலில் ஊர் திரும்புவதற்குள் சாம்பிளை அவரிடம் காட்ட வேண்டும். எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே குடுவைத் தைலம். தேன் நிறத்தில் அழகாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஏழே முக்காலுக்கு மாடியில் குழாய் திறந்தது. அழுத்தம் ஏறி, சொட்டு நின்றுவிட்டது.

எட்டுக்குத் தண்ணீர் போய்விடும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சொல்வதை அன்று சொல்லவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. கிளிப்பை இறுக்கினேன். பாதரசம் இருபத்தைந்துக்கு வந்தது. பெருமையாக அவரைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மாடியில் குழாயை மூடினார்கள். எங்கள் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது, அழுத்தம் மளமளவென்று சரிந்தது. குடுவையில் கிடந்த கறுப்புக் கசடு பொங்கியெழுந்து, அதுவரை வடிந்திருந்த தைலத்தில் போய் விழுந்தது. தேன் நிறமெல்லாம் காப்பி டிகாக்‌ஷன் நிறமாகிவிட்டது. மறுபடி வடிக்கலாம் என்று நான் பதறுவதற்குள் குழாயில் காற்றுதான் வந்தது.

ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். "எல்லாம் என்னாலதானே?" என்று கேட்டேன்.

"விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றார்.

அடுத்த மாதம் விமானம் ஏறினார். முதலில் வாரம் ஒரு கடிதம், பிறகு மாதம் ஒரு போன், பிறகு தீபாவளிக்கு மட்டும். நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் கிளிப்புக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஒன்பதாவது வருஷம் விவாகரத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அவர் தரப்பில் கோர்ட்டுக்குக் கொடுத்த காகிதங்களில் அவருடைய பழைய பாஸ்போர்ட்டின் நகலும் இருந்தது. விசா முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்ததும் பரண்மேல் ஏறி, ஒவ்வொரு முறை வடித்ததையும் குறித்துவைத்த எங்கள் நோட்டை எடுத்தேன். கடைசி முறை வடித்த தேதி அதில் என் கையெழுத்திலேயே இருந்தது. விசா அதற்குப் பன்னிரண்டு நாள் முந்தியது. ஏஜெண்ட் மூலம் பம்பாயில் வாங்கியிருக்கிறார். நான் கிளிப்பைத் தொடாமலே இருந்திருந்தாலும் போயிருப்பார்.

போனதைக்கூட மன்னித்துவிடுவேன். நான் தரையில் உட்கார்ந்து என்னாலதானே என்று கேட்டபோது, விசாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு "விடு" என்றாரே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மாடியில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டால் பாத்திரம் துலக்குகிற கை அப்படியே நின்றுவிடுகிறது. அண்டா நிரம்பும் வரை காத்திருக்கிறேன், பக்கத்தில் பேச்சுக்கு ஆள் இல்லாமல்.