குழி பார்த்து வீடு வாங்கியவன்

"பயந்தாங்கொள்ளின்னா சொன்ன? இன்னொரு தடவை சொல்லு, கேக்கறேன்."

நான் இப்படிக் கேட்டதும் எதிர்வீட்டுப் பாகீரதி பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். பின்னால் போனாலும் பேச்சை விடமாட்டாள்.

"நான் சொல்லலக்கா. தெருவே சொல்லுது."

"தெருவுக்கு ஏது வாய்? எல்லாம் உன் மூஞ்சியிலதான் இருக்கு."

"அவ்ளோ பெரிய அபார்ட்மென்ட்டு. நீச்சல் குளமெல்லாம் இருக்குதாம். டோக்கன் பணம் கொடுத்துட்டு, கையெழுத்துப் போடற நேரத்துல உங்க மாடி வீட்டு மனுஷன் ஓடி வந்துட்டாரு. கடைசியில எங்க போறாரு? பழைய கட்டடம். லிஃப்ட் கூட கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட் இல்லாத வீடு. ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?"

சிரிக்கட்டும். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் ஹரிஷ்குமார் ஏன் ஓடி வந்தான் என்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். அதற்காகத்தான் சொல்கிறேன். பேத்தி எழுதுகிறாள். அழகு பண்ணாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

ஹரிஷ் குடியாத்தத்துக்காரன். ஐ.டி.ஐ. படித்துவிட்டுப் பத்தொன்பது வயதில் பெங்களூருக்கு வந்தான். கல்யாணமான மறுமாதம் தாரணியோடு அல்சூரில் எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்தான். பதினொரு வருஷம் இருந்தார்கள். மகள் ஷ்ரேயா இங்கேதான் நடை பழகினாள்.

ஊரில் உள்ள அபார்ட்மென்ட்டுகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. லிஃப்ட் வந்து நிற்கிற தரைக்கும் கீழே மார்பளவுக்கு ஒரு குழி இருக்குமாம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவன் முதலில் அதில்தான் இறங்குவான். மேலே பளிங்கு ஒட்டுவார்கள், கண்ணாடி மாட்டுவார்கள். குழியை எவனும் வந்து பார்க்கப் போவதில்லை என்று அப்படியே விட்டுவிடுவார்கள். கட்டடத்தின் வண்டவாளம் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பான்.

இன்னொரு வழக்கமும் அவனுக்கு உண்டு. லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டால் என்ன பழுது என்று அவர்களிடம் சொல்லவே மாட்டான். கயிறு, பிரேக் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், உள்ளே இருப்பவர்கள் அலற ஆரம்பித்துவிடுவார்களாம். "ஒண்ணுமில்ல சார், அஞ்சு நிமிஷம்" என்று மூடிய கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டே வேலை செய்வான். அந்த அஞ்சு நிமிஷம் சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் ஒருவரும் பயந்ததில்லை.

தாரணி சிவாஜிநகரில் பிறந்தவள். அப்பா துணிக்கடையில் சேல்ஸ்மேன். கல்யாணத்துக்கு முன்பே ஒன்பது வாடகை வீடு பார்த்துவிட்டாள். ஓர் இடத்தில் ஓனர் மகனுக்குக் கல்யாணம், ஓர் இடத்தில் ரிப்பேர், ஓர் இடத்தில் காரணமே கிடையாது. காலி செய் என்றால் காலி செய்ய வேண்டியதுதான். என் வீட்டிலும் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமானால் கீழே இறங்கி வந்து என்னைக் கேட்பாள். சுவர் பாழாகும் என்று நானும் இரண்டு முறை வேண்டாம் என்றிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

"யாரையும் கேக்காம ஒரு ஆணி அடிக்கணும் பாட்டி. அதுதான் எனக்கு வீடு" என்பாள்.

அவள் தம்பி ராகேஷ் ஊருக்கு வெளியே ஹெப்பகோடியைத் தாண்டி எழும்பிக்கொண்டிருந்த ஓர் அபார்ட்மென்ட்டில் வீடு புக் செய்தான். பக்கத்து வீடும் காலியாக இருக்கிறது, நீயும் வா என்று அக்காவை நச்சரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்கப் போனார்கள். வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிற நான் எதற்கு என்றேன். தாரணி கேட்கவில்லை, என்னையும் வண்டியில் ஏற்றினாள்.

சுஹாஸ் என்று ஒரு பையன், டை கட்டியவன், "பன்னி அஜ்ஜி, வாங்க பாட்டி" என்று கன்னடமும் தமிழும் கலந்து பேசி என் கையைப் பிடித்து அழைத்துப்போனான். மாதிரிக்கு ஒரு வீட்டை அலங்காரம் செய்து வைத்திருந்தார்கள். மேசைமேல் ஆப்பிள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், பிளாஸ்டிக். தாரணி நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலோரம் நின்றாள். நெடுநேரம் நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

ஹரிஷ் மட்டும், "ஏ பிளாக்ல லிஃப்ட் மாட்டிட்டாங்களா? குழியைப் பார்க்கலாமா?" என்று கேட்டான்.

சுஹாஸ் சிரித்தான். "சார், எல்லாரும் கிச்சன் பார்ப்பாங்க, பால்கனி பார்ப்பாங்க. நீங்க குழி பார்க்கறீங்களா? அங்க பப்ளிக்க விட மாட்டாங்க சார்."

அன்றைக்கே டோக்கன் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது தாரணி. ஹரிஷ் தலையாட்டினான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை, "பார்க்கலாம்." லோன் காகிதம் என்னாச்சு? பார்க்கலாம். கையெழுத்து எப்போ? பார்க்கலாம். தாரணி அவனோடு பேசுவதை நிறுத்தினாள். ஷ்ரேயாவை நடுவில் வைத்து, உங்கப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. வீடு வாங்கப் போய், இருக்கிற வீட்டையும் இரண்டாக்கிக்கொள்வார்கள் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

கையெழுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் மாடிப்படிக்குக் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் பேசினால் கீழே கேட்கும். வீட்டைக் கட்டியவர் அப்படிக் கட்டியிருக்கிறார், நான் என்ன செய்ய?

"நாளைக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"கொஞ்ச நாள் பொறு தாரணி."

"எதுக்குப் பொறுக்கணும்? உங்களுக்குக் கடன்னா பயம். அதச் சொல்லிடுங்க."

"பயமெல்லாம் இல்ல. ஒண்ணுமில்ல, விடு."

பிறகு தாரணி பேசினாள். கத்தவில்லை.

"ஒண்ணுமில்ல, அஞ்சு நிமிஷம். அதானே? நான் என்ன உங்க லிஃப்டுல மாட்டிக்கிட்ட ஆளா? நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எனக்குச் சமாதானம் சொல்றீங்க. உள்ள என்ன ரிப்பேர்னு எனக்குத் தெரிய வேணாமா?"

பதினொரு வருஷத்தில் ஹரிஷ் திணறி நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்புறம் கொட்டிவிட்டான்.

அந்த இடத்தில் லிஃப்ட் மாட்டுகிறவன் டிரேவர், முன்பு இவனோடு ஒன்றாக வேலை செய்தவன். அவனைப் பிடித்து ஹரிஷ் மூன்று முறை குழிக்குள் இறங்கியிருக்கிறான். மார்ச் மாதக் கடைசி. மழை பெய்து நாலு மாதம் ஆகிறது. குழியில் முழங்காலுக்குத் தண்ணீர். பைப் எதுவும் உடையவில்லை. டிரேவர் பம்ப் வைத்து இறைத்துக் காட்டினான். முதலில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஹரிஷ் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் அதே கோட்டில் நிற்கிறது. இரண்டாம் தடவையும் அப்படியே. வெளியே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டதற்கு, இது 'கெரெ அங்கள', ஏரி படுத்திருந்த இடம், என்று சர்வசாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்.

"இத ஏங்க மூணு வாரமா சொல்லல?"

"ஜன்னல்கிட்ட நின்னியே, அந்த மூஞ்சியப் பார்த்தப்புறம் எப்படிச் சொல்றது? வேற ஏதாவது வழி கண்டுபிடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. நானே இறங்கிப் பார்க்கறேன்."

"ஏணி செங்குத்தா இருக்கும்."

"ஒன்பது வீட்டுக்குக் கட்டில் பீரோ ஏத்தி இறக்கினவ நான். எனக்கு ஏணியா?"

மறுநாள் கையெழுத்துப் போடப் போக வேண்டியவள், சுடிதாரை முழங்கால் வரை மடித்துக்கொண்டு குழியில் இறங்கினாள். "மச்சா, உன்ன விட இவங்க நல்லா இறங்கறாங்க. வேலைக்கு அனுப்பு" என்றானாம் டிரேவர். சாக்பீஸ் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தாளாம். மேலே வந்தாளாம். வீடு திரும்பி என் வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, "பாட்டி, ஒரு காபி கொடுங்க" என்றாள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அழுதாள்.

ராகேஷ் வந்து குதித்தான். "மாமா, பெங்களூர்ல எந்த இடம் ஏரி இல்லாம இருந்துச்சு? மோட்டார் வெச்சு இறைச்சாப் போச்சு. அக்கா, நீ இருக்கப் போறது எட்டாவது மாடி."

"எட்டாவது மாடி எது மேலடா நிக்குது?" என்றாள் தாரணி.

அவன் கோபித்துக்கொண்டு போனான். அவன் அந்த வீட்டை விடவில்லை, அது அவன் இஷ்டம். இவர்களுக்கு டோக்கனில் பாதிதான் திரும்பி வந்தது. தெருவில் பேச்சு கிளம்பியதும் அப்போதுதான்.

எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். மறைப்பானேன்? இனி எங்கேயும் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். "தாரணி, இனிமே எத்தனை ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கோ, நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "நீங்க சொல்லி அடிக்கிறது வேற பாட்டி."



ஞாயிறுதோறும் கிளம்பினார்கள், திரும்பி வந்து எனக்குக் கதை சொன்னார்கள். கையில் டார்ச். வாட்ச்மேன்கள் இவர்களை லிஃப்ட் இன்ஸ்பெக்ஷன் ஆட்கள் என்று நினைத்து சல்யூட் அடித்தார்களாம். ஒரு குழியில் பீர் பாட்டில். ஒன்றில் சுவரே விரிசல் விட்டிருந்தது. ஒன்றில் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். குழிக்கு எவன் பெயின்ட் அடிப்பான் என்று அதையும் வேண்டாம் என்றார்கள்.

எட்டாவதாகப் பார்த்தது ஹெப்பகோடிக்குள்ளேயே, ஃபேக்டரிக்காரர்கள் குடியிருக்கிற சந்தில். பதினாறு வீடு, மூன்று மாடி, பதினாலு வருஷத்துக் கட்டடம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சங்கடத்தோடு, "லிஃப்டுக்கு இடம் மட்டும் விட்டிருக்கோம் சார். மாட்டலாம் மாட்டலாம்னு பேசிட்டே இருக்கோம்" என்றார். அந்த இடத்துக் குழியில் ஹரிஷ் டார்ச் அடித்தான். முதல்நாள் ராத்திரிதான் நல்ல மழை. உள்ளே சருகு, ஒற்றைச் செருப்பு, மூன்று குட்டிகளோடு ஒரு பூனை. தரையெல்லாம் காய்ந்து கிடந்தது.

"பூனை நம்மளுக்கு முன்னாடியே பார்த்து முடிவு பண்ணிடுச்சு" என்றாள் தாரணி.

வீடு இரண்டாவது மாடியில். காலி ஹாலில் தரையில் உட்கார்ந்து ஹரிஷ் ஒவ்வொன்றாகச் சொன்னான். பைப்பெல்லாம் பழசு. வடக்குச் சுவரில் மழைக்காலத்தில் பூசணம் வரும். காவேரித் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள்தான். சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியாது. ஷ்ரேயாவுக்கு ஸ்கூல் மாற்ற வேண்டும். அவன் நிறுத்தவே இல்லை. தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போதுங்க. சொல்லவே மாட்டேன்னு இருந்தீங்க, இப்ப நிறுத்த மாட்டேங்கறீங்க. குழி காஞ்சிருக்கு இல்ல?"

"காஞ்சிருக்கு."

"அப்ப வாங்கலாம்."

நான் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவேனா? அல்சூரை விட்டு அவ்வளவு தூரமா என்றேன். மெட்ரோ வந்தாச்சு பாட்டி, மூணு ரயில் மாறினா உங்க வாசல் என்றார்கள். அறுபது வயதில் எப்படிடா அத்தனை படி ஏறுவீர்கள் என்றேன்.

"அறுபதுக்குள்ள நானே ஒரு லிஃப்ட் மாட்டிடறேன் பாட்டி. செயலாளர்கிட்ட பேசிட்டேன். டிரேவரும் வரேன்னுட்டான்" என்றான். ஆனாலும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்திரம் இருவர் பேரிலும் பதிவானது என்று தாரணி ஸ்வீட் பாக்ஸோடு வந்தபிறகுதான் பேசினேன்.

கிளம்பின நாள் வியாழக்கிழமை. சின்ன லாரியில் சாமான் ஏறியது. ஷ்ரேயா மீன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பாகீரதி கூட ஒரு டப்பா நிறையக் கோடுபளே முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

ஹரிஷ் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவியை என் கையில் வைத்தான். போகாமல் நின்றான்.

"பாட்டி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மாடி பாத்ரூம் சுவர் ஈரம் குடிக்குது. உள்ள பைப்பு உடைஞ்சிருக்கு. எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்."

"ரெண்டு வருஷமாவா? ஏன்டா சொல்லல?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு."

"என் வீட்டுச் சுவர்ல ஈரமா? இருக்கவே இருக்காது. என் வீட்டுக்காரரு நின்னு கட்டின சுவர்டா அது."

"கைய வெச்சுப் பாருங்க."

"நான் ஏன் வெச்சுப் பார்க்கணும்? எனக்குத் தெரியாதா என் சுவரு?"

வண்டியிலிருந்து தாரணி எட்டிப் பார்த்து, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன்" என்றான். "நம்பினாங்களா?" "இல்ல." இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது, வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை பிளம்பர் வருவான் பாட்டி, சொல்லி வெச்சிருக்கேன். திருப்பி அனுப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவன் வாசலைத் தாண்டிப் போனான்.