பொத்தான் அக்காவின் இடது கண்

கண் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் பொத்தான் அக்காதான். எழுபது வயதுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் கழுத்து அட்டையில் தொங்கியது; அதை யாரும் படித்ததில்லை.

"நடுவுல மஞ்சள் விளக்கு தெரியுதா? அதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சுத்தி எங்கயாவது வெளிச்சம் மினுக்குனா பொத்தானை அழுத்துங்க. மங்கலா இருந்தாலும் அழுத்துங்க. தெரியலைன்னா பயப்படாதீங்க, பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது."

ஒரு நாளைக்கு இருபது தடவை, இருபத்திரண்டு வருஷமாக இதையே சொல்லிவந்தாள். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்வாள். கண் அழுத்த நோய் வலிக்காமல் வரும், பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். எங்கே தின்றிருக்கிறது என்பது இந்தக் கிண்ணம் தரும் தாளில் கறுப்புத் திட்டாக விழும்.

அந்தத் திட்டு ஒரு நிலையில் நிற்காததுதான் அவளுக்கு எரிச்சல். ஒரே ஆள், ஒரே கண்; மார்ச்சில் கறுத்திருந்த இடம் ஜூனில் வெளுத்திருக்கும், செப்டம்பரில் வேறெங்கோ கறுத்திருக்கும். எல்லாம் கவனக்குறைவு என்பது அவள் தீர்ப்பு. "போன தடவை நல்லா செஞ்சீங்களே ஐயா, இப்ப உள்ளே போய்த் தூங்கிட்டீங்களா?" என்று ஒரு தையல்காரரைக் கேட்டாள். "நான் தூங்கலைம்மா. உன் மிஷின்தான் கண் அசந்துடுச்சு" என்றார் அவர். அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஊழியர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனையில் அவளுடைய கண் அழுத்தம் எல்லைக்கோட்டில் நின்றது. இடது கண் நரம்பின் கீழ் ஓரம் கொஞ்சம் மெலிந்தாற்போல் இருந்தது. அவளுடைய அப்பா இதே நோயில் பார்வை இழந்தவர்; கடைசி வருஷங்களில் கதவு நிலையைக் கையால் தடவித்தான் அறைக்குள் வருவார். அவள் தன் இயந்திரத்தின் முன்னால் தானே உட்கார்ந்தாள். தாள் பளிச்சென்று வெளுப்பாக வந்தது. நிம்மதியோடு எடுத்துப் போனாள்.

அவளைவிடப் பதினைந்து வயது சின்னவரான டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"அக்கா, இதை நான் நம்பமாட்டேன். வெளிச்சமே போடாம மிஷின் சத்தம் மட்டும் போட்டப்ப, மூணுக்கு ஒரு தடவை அழுத்தியிருக்கீங்க."

"நானா? நான் பொய்யா அழுத்துவேனா மேடம்?"

"நீங்க இல்ல. உங்க கட்டைவிரல்."

அவள் விரலைப் பார்த்தாள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் அந்தப் பழைய இயந்திரம் மெல்ல ஒரு 'டக்' போடும். அவசரக்காரர்களைப் பிடிக்க, நடுநடுவே வெறும் 'டக்' மட்டும் வரும். இது அவளுக்குத் தெரியாததா? ஆனால் இருபத்திரண்டு வருஷமாக, வெளியே நின்றபடி ஒவ்வொரு 'டக்'குக்கும் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்த விரல் அது.

"நரம்பு பிறவியிலேயே அப்படி இருக்கலாம்" என்றார் டாக்டர். "அப்படின்னா மருந்தே வேண்டாம். நோய்னா இப்பவே ஆரம்பிக்கணும், போன பார்வை திரும்பாது. எதுன்னு தெரியணும்."

மறுநாள் அவளுக்குப் பரிசோதனை செய்தவர், கீழ் மாடியில் எல்லார் கண்ணிலும் சொட்டு விடும் அண்ணன். டாக்டர் சொன்னபடி அவள் காதில் பஞ்சை அடைத்தார், இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார், மின்விசிறியை முழுவேகத்தில் விட்டார்.

"தங்கச்சி, நடுவுல மஞ்சள் விளக்கு தெரியுதா?"

"பஞ்சை அடைச்சிட்டுக் கேக்குறீங்களே அண்ணா, எப்படிக் கேக்கும்?"

"கேக்காமத்தான் பதில் சொல்றியா? மூஞ்சியை உள்ளே வை."

'டக்' சத்தம் கேட்காமல் போயிற்று. விரல் செய்வதறியாமல் பொத்தான்மேல் கிடந்தது. முதல் தடவையாக அவள் கண்ணால் அந்தக் கிண்ணத்துக்குள் போனாள்.

மஞ்சள் விளக்கைச் சுற்றி முடிவே இல்லாத ஒரு வெண்மை. அதில் ஒரு வெளிச்சம் பூத்தது. அழுத்தினாள். இன்னொன்று, தூசு அளவு. அடுத்தது வந்ததா, வந்ததாக அவள் நினைத்தாளா? யோசிப்பதற்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் அதே மங்கல். இப்போது சந்தேகமே இல்லாமல் இருந்தது. கண் மாறவில்லை, அவளும் தூங்கவில்லை. பார்வை முடிகிற இடத்தில் சுவர் இல்லை; அங்கே பார்வையே மூச்சு மாதிரி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அந்தத் தையல்காரர் இங்கேதான் உட்கார்ந்திருந்தார், இதைத்தான் பார்த்தார்.

தாளில் இரண்டு திட்டுகள் விழுந்திருந்தன. மேலே மூக்குப் பக்கம் ஒன்று, கீழே ஓரத்தில் ஒன்று.

"ஒரே தாளை வெச்சு முடிவு பண்ணமாட்டேன்" என்றார் டாக்டர். "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி."

அந்த இரண்டு வாரமும் அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டை அளந்தாள். "என்ன, என்னைப் பாதியாக் குறைச்சுப் பாக்குறியா?" என்றார் கணவர். "முழுசாத்தான் தெரியுறீங்க, அதான் கவலை" என்றாள். நிஜமாகவே எதுவும் குறையவில்லை. ஜாடி, நாற்காலி, அவருடைய வழுக்கை, எல்லாம் முழுதாக இருந்தன.

மறுபடி பஞ்சு, மறுபடி அண்ணன். இந்தத் தடவை கீழ்த் திட்டு காணாமல் போயிருந்தது. மேலே இருந்தது அப்படியே நின்றது.

டாக்டர் இரண்டு தாள்களையும் வெளிச்சத்துக்கு நேராக ஒன்றின்மேல் ஒன்று பிடித்தார். "வந்துட்டுப் போச்சே, அது அன்னிக்கு உங்க அலுப்பு. வந்து உக்காந்திருக்கே, இதான் நோய். நரம்பு கீழே மெலிஞ்சா பார்வை மேலேதான் போகும், பொருந்துது. இன்னிக்கே சொட்டு ஆரம்பிச்சிடலாம். சின்ன இடம்தான் அக்கா, காப்பாத்தலாம்."

அவள் தலையாட்டினாள். வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணை எதிர்ச் சுவரின் கடிகாரத்தில் நிறுத்தி, மேலே மூக்குப் பக்கமாக ஆள்காட்டி விரலை மெல்ல நகர்த்தினாள். விரல் வந்தது, வந்தது, ஓரிடத்தில் நுனி இல்லாமல் போயிற்று. அங்கே கறுப்பு இல்லை, ஓட்டை இல்லை. நுனி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கூரை இருந்தது. ஒட்டுப்போட்ட அடையாளம்கூட இல்லாமல், அந்த நிமிஷத்தில் அவளுக்காகவே யாரோ தீட்டி வைத்தது போல.

பக்கத்தில் காத்திருந்த பெரியவர் அவளையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னம்மா, கொசுவா?"

"இல்லைங்கய்யா" என்றாள், விரலை இறக்காமல். "எவ்வளவு நல்லாப் பூசியிருக்குன்னு பாக்குறேன்."