அவளுக்குப் பதிலாக நான் நடந்தேன்

மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பதில் நோயாளியோடு மல்லுக்கட்டுவது கால்வாசி வேலைதான், மிச்சம் முக்கால்வாசி அவர்மேல் பிரியம் வைத்திருக்கிறவர்களோடு.

இரண்டாயிரத்து ஒன்பது, பத்து வாக்கில் தக்கலையில் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக் மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை. டாக்டர் கீழே மாத்திரை எழுதுவார், நான் மேலே நோட்டுப் புத்தகம் கொடுப்பேன். சோர்வில் கிடப்பவர்கள், மனசு சரியானதும் எழுந்து வேலை பார்க்கலாம் என்று காத்திருப்பார்கள். காத்திருந்தால் அது சரியாகாது. அதனால் நாங்கள் தலைகீழாகத் தொடங்குவோம். மனசு எப்படி வேண்டுமானாலும் கிடக்கட்டும், குளி, பத்து நிமிஷம் நட, செய்ததை நோட்டில் எழுது, எப்படி இருந்தது என்று பத்துக்கு மார்க் போடு. கூடவே, மனசில் ஓடும் மோசமான நினைப்பையும் எழுதி, அது உண்மைதானா என்று விசாரிக்கச் சொல்வோம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். யாருக்காவது வீட்டுப்பாடம் கொடுத்து ஏமாந்த அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

நோட்டு கொடுப்பதால் எல்லாருக்கும் நான் டீச்சர். ரொம்ப நாள் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பத்துக்குப் பத்து

ஸ்டெல்லாவுக்கு (பெயர்களை மாற்றியிருக்கிறேன்) புதுக்கடைக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊர். முப்பது வயசு. புருஷன் கல்ஃபில் மீன்பிடிப் படகில் இருந்தார். ஏழாம் மாசத்தில் வயிற்றுப் பிள்ளை தவறிப்போனதிலிருந்து அவள் கட்டிலை விட்டு எழவில்லை. நாலு வயசு மூத்த மகள் ஜெனியைப் புருஷனின் அக்கா லில்லி களியக்காவிளைக்குக் கூட்டிப் போய்விட்டாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஸ்டெல்லா தேறிவிட்டால் பிள்ளை வீட்டுக்கு வரும். இல்லையென்றால் களியக்காவிளையிலேயே பள்ளியில் சேர்த்துவிடுவார்கள், அப்புறம் அது அங்கத்துப் பிள்ளைதான். பிப்ரவரியில் அவளை என்னிடம் கூட்டி வந்தது அம்மா பிலோமினா, அறுபதைத் தாண்டியவர்.

முதல் வாரத்துக்கு இரண்டே வேலை கொடுத்தேன். ஏழு மணிக்குள் குளியல், பிறகு தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடிவரை நடந்துவிட்டுத் திரும்புவது. அடுத்த வாரம் நோட்டைத் திறந்தால் ஏழு நாளும் நடை, ஏழு நாளும் பத்துக்குப் பத்து, எழுத்து முத்து முத்தாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தால் போன வாரம் வந்த அதே முகம், அதே சிக்குப் பிடித்த தலை. விசாரித்ததில் எழுத்து பக்கத்து வீட்டில் குடியிருந்த சர்ச் மறைக்கல்வி ஆசிரியையுடையது. நடை? அதற்குப் பிலோமினா பதில் சொன்னார்.

"அவளுக்கு எழும்ப வய்யல்ல டீச்சர். அதுகொண்டு நான் நடந்தேன். ஆரு நடந்தா என்ன, பலன் அவளுக்குத்தானே?"

நேர்ச்சைக் கணக்கு

புரிய வைத்துவிடலாம் என்று அரை மணி நேரம் பேசினேன். மாத்திரையை நீங்கள் முழுங்கினால் அவளுக்குக் கேட்குமா என்று கேட்டேன். கேட்காது என்று ஒத்துக்கொண்டார். அப்படியானால் நடையும் அப்படித்தானே என்றேன். அங்கேதான் சறுக்கினேன். அந்தக் கடற்கரையில் சுகமில்லாத மகளுக்காகத் தாய் முட்டுக்குத்தி, முழங்காலாலேயே கோவிலுக்கு நடப்பாள், தம்பிக்காக அக்கா மொட்டை போடுவாள். ஒருத்தர் நேர்ந்து இன்னொருத்தர் தேறுவது அங்கே அன்றாடம் நடக்கிற காரியம். நான் சொன்ன நடையும் அந்த வகையில் ஒன்று என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"மாத்திர வயித்துக்குள்ள போறது டீச்சர், இது நேர்ச்சையாக்கும். சின்னதுல இவளுக்கு மஞ்சக்காமாலை வந்தப்பம் மொட்ட போட்டது நான், மாறினது இவளுக்கு."

இருபத்தேழு சாட்சிகள்

நடையை ஒதுக்கிவிட்டு நினைப்பைப் பிடித்தேன். ஸ்டெல்லாவைத் தனியாக உட்கார வைத்து, மனசில் அடிக்கடி வருவது எது என்று கேட்டேன். தன் கையால் எழுதினாள். "நான் தொட்டது ஒன்றும் உருப்படாது. ஜெனி அங்கே இருப்பதுதான் அதுக்கு நல்லது." இது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம், இரண்டையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லி நோட்டைக் கொடுத்தேன். கொடுத்த கையை உடைக்க வேண்டும்.

அடுத்த வாரம் 'இல்லை' என்ற பக்கம் வழிந்து பின்னட்டைவரை போயிருந்தது. ஸ்டெல்லா நல்ல பிள்ளை. ஸ்டெல்லா வைக்கும் மீன்குழம்பை யாராலும் அடிக்க முடியாது. ஸ்டெல்லா பாட்டுக் குழுவில் இருந்தவள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கையெழுத்து, இரண்டு இடத்தில் கைநாட்டு. பிலோமினா நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் அவள் மனசில் வைத்திருந்ததைத் தெருவே வாசித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அம்மாவைச் சத்தம் போட்டேன். ஒருத்தர் இரண்டு பேர் சொன்னால் நம்ப மாட்டாளே என்றுதான் இருபத்தேழு பேரிடம் எழுதி வாங்கியதாகச் சொல்லி அவர் அழ ஆரம்பித்துவிட்டார். ஸ்டெல்லா கோபப்படக்கூட இல்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"இதுல எனக்க பிள்ள ஒண்ணும் சொல்லல்லியே டீச்சர்."

தேதி கேட்பவர்கள்

ஏப்ரலில் கல்ஃபிலிருந்து புருஷன் போன் செய்தார். மரியாதையான மனுஷன். "இப்பம் எத்தன பெர்சன்ட் சரியாச்சு மேடம், நூறு என்னைக்கு ஆவும்?" என்றார். அப்படிச் சொல்ல முடியாது என்றேன். "ஒரு அம்பதுன்னு போட்டுக்கிடட்டா?" என்றார்.

அதே வாரம் லில்லி நேரில் வந்தாள். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனவள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டுதான் உட்காரச் சொன்னேன். வந்தவளைப் பார்த்தால் ஆள் பாதியாகியிருந்தாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள். ஜெனி சாப்பிட முரண்டு பிடிப்பதையும், பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவதையும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அவளும் கேட்டது தேதிதான்.

"ஆவும்னா ஆவும்னு சொல்லுங்க, ஆவாதுன்னா ஆவாதுன்னு சொல்லுங்க டீச்சர். யூனிபாமுக்கு அளவு கேட்டு தையக்காரன் நிக்கான்."

வீங்கின முட்டு

ஏப்ரல் கடைசியில் பிலோமினா படியேற முடியாமல் நொண்டிக்கொண்டு வந்தார். நான் எவ்வளவு தடுத்தும் அவர் ஒரு நாள் விடாமல் நடந்துகொண்டிருந்தார். வலது முட்டு வீங்கியிருந்தது. ஸ்டெல்லா அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் கேட்காமலே வாயைத் திறந்தாள். "அம்மய நடக்கண்டாம்னு எழுதித் தாருங்க டீச்சர்" என்றாள். எனக்கு அன்று பொறுமை இல்லை. படித்த படிப்பெல்லாம் பறந்துவிட்டது. "நான் நடக்கச் சொன்னது உங்களை. அவங்களை என்னால நிறுத்த முடியல. முடிஞ்சா நீங்களே நிறுத்துங்க" என்று எரிந்து விழுந்தேன். சோர்வில் இருப்பவளிடம் பேசுகிற பேச்சா அது? ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் நோட்டில் கோணல் எழுத்தில் ஒரே ஒரு வரி. "குருசடிவரை நடந்தேன். 2." அம்மா எழுந்து படி இறங்குவதற்குள் தானே போய்விட்டு வந்திருக்கிறாள். இரண்டரை மாசமாகப் பத்தையே பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன எனக்கு அந்த இரண்டைக் கண்டதும் எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. ஏன் இரண்டு என்று கேட்டேன். வெயில், கூடவே அம்மாமேல் கோபம் என்றாள். பிலோமினாவுக்கோ மகள்மேல் மனத்தாங்கல்.

"இவள கொஞ்சம் கண்டிச்சி வையுங்க டீச்சர். எனக்க நேர்ச்சைய முடிக்க விடமாட்டேங்கா."

சீப்பு

அதற்குப் பிறகு 3 வந்தது, 2 வந்தது, ஒரு நாள் தலைக்குக் குளித்ததற்கு 4 வந்தது. மே நடுவில் கொஞ்சம் பெரிய வேலையாகக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளைக்குப் பஸ் ஏறிப் போய், ஜெனிக்குத் தலை சீவி விட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். கூட வருகிறேன் என்று பிலோமினா கிளம்பியிருக்கிறார், முட்டு விடவில்லை. அந்த முட்டுக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

திங்கட்கிழமை நோட்டில் இப்படி இருந்தது. "ஜெனி முதல்ல கிட்ட வரவில்லை. பிறகு வந்தது. சீவும்போது வலிக்குது என்று அழுதது. மாமி சீவினால் வலிக்காது என்று சொன்னது. 7." நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளை அழுதிருக்கிறது, மாமி லில்லியே தேவலை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறது, மார்க் ஏழு. தப்பாகப் போட்டுவிட்டாளோ என்று கேட்டேன். ஸ்டெல்லா என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வலிக்குன்னு எனக்கிட்டதானே டீச்சர் சொன்னா."

வராத நோயாளி

ஜூனில் ஒரு புதன்கிழமை பத்தரைக்கு அவளுக்கு நேரம் கொடுத்திருந்தேன். பத்தே முக்கால் ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஆளைக் காணோம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வேறு ஒருவரையாவது பார்த்திருப்பேனே என்று கடுகடுத்தேன். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மறுபடி கட்டிலில் விழுந்துவிட்டாளோ, லில்லி பிள்ளையை அங்கேயே சேர்த்துவிட்டாளோ. வீட்டுக்குப் போன் போட்டேன். பிலோமினா எடுத்தார். பின்னால் மீன்காரியோடு பேரம் நடந்துகொண்டிருந்தது, அதை முடித்துவிட்டுத்தான் எனக்குப் பதில் சொன்னார்.

"அவ ஜெனிய இங்க நம்ம ஊரு ஸ்கூலுக்குக் கொண்டுவிடப் போயிருக்கா டீச்சர், அது கைய விடமாட்டேன்னு ஒரே கரச்சலாம், அதுகொண்டு ஒங்களுட்ட வர நேரமில்லன்னு சொல்லச் சொன்னா."

எங்கள் தொழிலில் நோயாளி நம்மை மறந்துபோகிற அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை பாடும், அந்த நாளையும் அரை மணி நேரம் அவரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் நாம் தெரிந்துகொள்கிறோம்.