மிஸ்டு கால் வராத துவாதசி

எங்கள் சாப்பாட்டுக் கடைக்குக் கடை என்று ஒன்று கிடையாது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சமையலறை, ஒரு போன், நானும் என் ஆத்துக்காரரும், கேரியர் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு பேர். அவ்வளவுதான். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறோம். அவர்களோடு ஓர் ஏற்பாடு உண்டு. காலையில் மணி ஒருமுறை அடித்து நின்றால் 'இன்றைக்குச் சாப்பாடு வேண்டும்' என்று அர்த்தம். மிஸ்டு கால் வராவிட்டால் வேண்டாம். யார் அடித்தது என்று போனின் சின்னத் திரையே காட்டிவிடும். பேசினால் காசு போகும் என்ற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. ஆனாலும் ஒருவரும் பேசுவதில்லை. பழகிவிட்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்தால் பாதிப் பேருக்கு லைன் கிடைப்பதில்லை. அதற்குத்தான் இன்டர்நெட் போன் போடலாம் என்றார் என் ஆத்துக்காரர்.

"கம்பியே வேண்டாம். நெட் இருந்தா போறும். ஒரே நம்பருக்கு ஒரே சமயத்துல பத்துப் பேர் கூப்பிடலாம். நீ எங்க இருந்தாலும் உன் மொபைல்ல அடிக்கும்."

"அப்போ நம்பர் எங்க இருக்கும்?"

"எங்கயும் இல்ல. எல்லா இடத்துலயும் இருக்கும்."

"பெருமாளாட்டமா?"

"அப்படியே வெச்சுக்கோயேன். உனக்குப் புரிஞ்சா சரி."

எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

கூப்பிடுகிறவர்களை வரவேற்க ஒரு குரல் வேண்டும் என்றார் போன் கம்பெனிக்காரர். நானே பேசினேன். "வணக்கம். இன்றைய சாப்பாட்டுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று தொடங்கி, என்றைக்கு என்ன சமையல் என்பது வரை நல்ல தமிழில், நான்கு முறை திருத்தித் திருத்தி. கேட்கக் கேட்க எனக்கே பெருமை தாங்கவில்லை. நம்பர் பழையதுதான், இனிமேல் ஒன்றை அழுத்த வேண்டும் என்று எல்லா கேரியரோடும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினோம். யார் கண்ணாடியைத் தேடி எடுத்து அதைப் படித்தார்களோ, அந்த ரங்கனுக்குத்தான் வெளிச்சம்.

மாற்றுவதற்கு ஏகாதசியைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் ஊரில் அன்றைக்கு அடுப்புக்குப் பாதி விடுமுறை. பழைய போனைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதைச் சோதித்துப் பார்க்கிறோம் என்ற சாக்கில் மத்தியானம் முக்கொம்புக்குப் போனோம். அவர் பாலத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போய், எங்கள் சாப்பாட்டு நம்பருக்குப் போட்டு ஒன்றை அழுத்தினார். என் கைப்பையில் மணி அடித்தது. எடுத்தேன். தூரத்தில் அவர் வாய் அசைந்தது; அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வந்தது. ஒரு நொடிகூட இருக்காது. அந்த இடைவெளியில் அவர் குரல் எங்கெங்கே போய்விட்டு வந்திருக்கும்? கீழே காவிரியும் கொள்ளிடமும் சத்தமில்லாமல் பிரிந்து போய்க்கொண்டிருந்தன. நான் பதில் சொல்ல மறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "கேக்கறதா, கேக்கறதா?" என்று அவர் கத்தியதும் தாமதமாகத்தான் வந்தது.

மறுநாள் துவாதசி. முதல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் விடிந்ததும் பாரணை பண்ணி விரதத்தை முடிக்க வேண்டும். அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காய்ப் பச்சடி எல்லாம் ஐந்தரைக்கே தயார். போன் அடிக்கவே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படியொரு காலையை நான் பார்த்ததில்லை. காவிரிப் பக்கமிருந்து பனி வந்து ஜன்னலில் நின்றது. கோயில் மணி கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. எல்லோர் வீட்டுக்கும் பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காபி டம்ளரோடு உட்கார்ந்தவள் அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சுகமாக இருந்தது.

ஏழரைக்கு ஆத்துக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்தார். மிஸ்டு கால் ஒன்றுமில்லை. 'எடுக்கப்பட்ட அழைப்புகள்' என்ற இடத்தில் மட்டும் ஒரு பக்கம் நிறைய நம்பர்கள். ஒவ்வொன்றும் இரண்டு நொடி, மூன்று நொடி. எங்கள் மனிதர்கள் வழக்கம்போல ஒரு மணி அடித்து வைத்திருக்கிறார்கள். மிஷின் முதல் மணியிலேயே எடுத்து வணக்கம் சொல்லியிருக்கிறது. எடுத்த பிறகு அது எப்படி மிஸ்டு கால் ஆகும்?

"நாசமாப் போச்சு," என்றேன். கேரியர்கள் பறந்தன.

ஒரே ஒரு நம்பரிலிருந்து மட்டும் நான்கு அழைப்புகள். ஒவ்வொன்றும் முழுசாக ஒரு நிமிஷம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவின் நம்பர் அது. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். சர்க்கரை வியாதி, வேண்டாம் என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும் ஏகாதசிக்குத் தீர்த்தம் தவிர எதுவும் தொடமாட்டார். போன வருஷம் ஒரு துவாதசியன்று மயங்கி விழுந்திருக்கிறார். நான்கு முறை எதையோ சொல்லப் பார்த்திருக்கிறார். அவர் கேரியரை நானே எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியை விரட்டினேன்.

கதவு திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் போன். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. துளசி தீர்த்தம் கொடுத்தேன், ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டேன், சாதத்தைப் பிசைந்து கையில் வைத்தேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் நடுக்கம் நின்றது. பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒண்ணை அழுத்தச் சொல்லித்தே, ஏன் மாமா அழுத்தலை? நாலு தரம் முழுக்கக் கேட்டிருக்கேளே."

"அழுத்தினா நீங்க பேசறது நின்னுடுமேம்மா."

"அது நான் இல்லை மாமா. மிஷின்."

"ரெண்டாந்தரமே தெரிஞ்சுடுத்து," என்றார். பருக்கை ஒன்றைக் கையிலிருந்து எடுத்து கேரியர் மூடியில் வைத்தார். "ரெண்டு வருஷமா தினம் அடிக்கறேன். இன்னிக்குத்தான் எடுத்தேள்."

இப்போது அவர் நம்பர் மட்டும் மிஷினுக்குப் போகாமல் நேரே என் மொபைலுக்கு வருகிறது. பழக்கதோஷத்தில் ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவார் என்பதால் விடிந்ததிலிருந்து அதைக் கையிலேயே வைத்திருக்கிறேன். "சொல்லுங்கோ மாமா" என்பேன். சொல்ல அவரிடமும் ஒன்றுமிருக்காது. சாம்பாரில் என்ன காய் என்று கேட்பார். நான் மெதுவாகச் சொல்வேன்.